ஊவா வென்ற கிண்ணம்

2012 ஓகஸ்ட் 31 அன்று கொழும்பு பிரேமதாச அரங்கில் 'ஊவா நெக்ஸ்ட்' அணி ஸ்ரீலங்கா பிரீமியர் லீக் கிண்ணத்தை வென்றது. அன்றிரவு பதுளையில் எவரும் பட்டாசு கொளுத்தியதாக எனக்கு நினைவில்லை. எப்படிக் கொளுத்துவார்கள்? ஆட்டங்கள் கொழும்பிலும் பல்லேகலையிலும் நடந்தன. ஊவாவின் பெயரைச் சுமந்த அணி ஊவா மண்ணில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

நாங்கள் அறிந்த ஊவா கிரிக்கெட் வேறு. தீபாவளிக்கும் சித்திரைக்கும் கொழும்புக் கடைகளிலிருந்து பொடியன்கள் பசறைப் பக்கத் தோட்டங்களுக்குத் திரும்பியதும் மென்பந்துச் சுற்றுப்போட்டி தொடங்கிவிடும். லயத்துக்குக் கீழே தேயிலை நட முடியாமல் விட்ட துண்டுதான் மைதானம். பந்து சரிவில் உருண்டு தேயிலைக்குள் போனால் தேடி முடியாது. ஆகவே 'கீழே போனால் அவுட்'. லோர்ட்ஸ் கனவான்கள் அறியாத சட்டம்! வாப்பாவின் கடைக்கு வந்து, "நானா, நல்லாத் துள்ளுற பந்தாப் பாத்துத் தாங்க" என்பார்கள். சீமெந்துத் தரையில் குத்திப் பார்த்துத்தான் காசு தருவார்கள்.

முத்தையா முரளிதரனின் பாட்டனாரும் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்தவர்தான். ஆனால் பேரனுக்குக் கண்டியில் புனித அந்தோனியார் கல்லூரி கிடைத்தது. தோல்பந்தும் பயிற்றுநரும் கிடைத்தார்கள். 2010இல் 800 விக்கெட்டுகளோடு டெஸ்ட் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வுபெற்றார். எங்கள் தோட்டங்களில் இல்லாமற்போனது அந்த நடுப்படிதான். தோல்பந்துக்குக் காலுறையும் கையுறையும் வேண்டும். அவற்றுக்கு முன் சமதரை வேண்டும்.

என்னோடு படித்த ஒருவன் இடக்கையால் அபாரமாகச் சுழற்றுவான். தோல்பந்தை அவன் தொட்டதேயில்லை. இப்போது புறக்கோட்டையில் துணிக்கடையொன்றில் நிற்கிறான். போன தீபாவளிக்கு வந்தவன் ஒரே ஓவரில் மூவரை வீழ்த்திவிட்டு, இரவு பஸ்ஸுக்கு ஓடினான்.