கடல் கடந்த மடல்: இன்று ஒரு நாள் மட்டும்



ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரம் டயர் தொழிற்சாலைகளால் பேர்பெற்ற ஊர். ஆண்டுதோறும் ஜூன் மாதம் குடியிலிருந்து மீண்டவர்கள் ஆயிரக்கணக்கில் இங்கே கூடுகிறார்கள். ஆர்ட்மோர் அவென்யூவில், டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர் வாழ்ந்த எளிய வீட்டைத் தேடி வருகிறார்கள்.

1935 மே மாதம், நியூயார்க்கின் பங்குத் தரகர் பில் வில்சன், வந்த காரியம் தோற்றுப்போய் இந்த ஊரின் ஓட்டல் ஒன்றில் தனியே நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. பக்கத்திலேயே மதுக்கூடம். அவர் அங்கே போகவில்லை. தேவாலயங்களுக்குப் போன் போட்டு, தன்னைப்போல் குடியால் தவிக்கும் ஒருவரோடு பேச வேண்டும் என்று கேட்டார். அப்படித்தான் பாபைச் சந்தித்தார். அந்தக் கோடையில் பாபின் வீட்டிலேயே தங்கினார். காலையில் பாபின் மனைவி ஆன் பைபிள் வாசிப்பார், பிரார்த்தனை நடக்கும். பாப் கடைசியாகக் குடித்த நாளாகக் கருதப்படும் ஜூன் 10ஆம் தேதியையே, இருவரும் தொடங்கிய, குடியிலிருந்து மீள்வோரின் அமைப்பான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

குடியிலிருந்து மீள அந்த அமைப்பு வகுத்த 12 படிகளில் 11ஆவது, பிரார்த்தனையும் தியானமும். கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி வணங்கலாம். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் வருகிறார்கள்; கூடியிருக்கும் மனிதர்களே அவர்களுக்குத் துணை. காலையில் வேண்டுவது, இன்று ஒரு நாள் குடிக்காமல் இருக்கும் பலம். இரவில் நன்றி, யாரைப் புண்படுத்தினோம் என்ற யோசனை. விடிந்தால் மறுபடியும் முதலிலிருந்து.

தியானம் எங்கே உதவுகிறது? குடிக்கத் தூண்டும் வேட்கை அலைபோல் எழுந்து, உச்சிக்குப் போய், தானே தணியும் என்றார் சியாட்டிலில் ஆய்வு செய்த உளவியலாளர் ஆலன் மார்லட். அதோடு மல்லுக்கட்டவும் வேண்டாம், அதற்கு இணங்கவும் வேண்டாம். மூச்சைக் கவனித்தபடி காத்திருக்கப் பழகலாம். காலையில் பழகியது, மதுக்கடை திறந்திருக்கும் மாலையில் கைகொடுக்கிறது.

நம் ஊரில் சபரிமலைக்கு மாலை போட்டவர் ஒரு மண்டலம் மதுவைத் தொடுவதில்லை. அதிகாலைக் குளியல், சரண கோஷம், வழிகாட்ட ஒரு குருசாமி, உடன் வரும் சாமிகள் எல்லாமாகச் சேர்ந்து அவரைத் தாங்குகின்றன. மாலையைக் கழற்றியதும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுவிடுகிறது. பலர் கடைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆக்ரனில் நான் கண்ட வழியில் காலைப் பிரார்த்தனையும் மூத்தவரின் துணையும் கூட்டமும் உண்டு. கழற்றும் நாள் மட்டும் கிடையாது.

பிரார்த்தனை மருத்துவத்துக்கு மாற்றல்ல. நெடுநாள் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் பாபும் கன்னியாஸ்திரி இக்னேஷியாவும் 1939இல் இவ்வூரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் குடிநோயாளிகளுக்குப் படுக்கை கொடுத்தே சிகிச்சையைத் தொடங்கினார்கள்.

உங்கள் வீட்டில் ஒருவர் தவித்துக்கொண்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் அழைத்துப்போங்கள். சூடத்தை அணைத்து வாழ்நாள் சத்தியம் வாங்காதீர்கள். அது ஒருமுறை தவறினால், அந்த வெட்கமே அவரை மறுபடி பாட்டிலிடம் தள்ளும். தினமும் காலையில் அவரோடு சற்று நேரம் உட்காருங்கள். நேற்று தவறியவருக்கும் இன்றைய பிரார்த்தனை மிச்சமிருக்கிறது.