கூலியும் கொடையும்

“பிறவியிலேயே மூளைக்காரன்” என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அவனைப்பற்றி அதற்குமேல் ஆராயவேண்டிய தேவை எங்கள் கரையூர்களில் எவருக்கும் இருப்பதில்லை. மருதமுனை தொடக்கம் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் எனத் தெற்கே நீளும் முஸ்லிம் ஊர்களில், உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாள்களில் இத்தொடரை வீதிக்கு வீதி கேட்கலாம். தவறியவனுக்கும் இதே அளவுகோல்தான்: “அவனுக்குப் படிப்பு ஓடாது.” வென்றவனின் உழைப்பு ஒரு தொடரில் மறைகிறது, தோற்றவனின் வறுமை மறு தொடரில் மறைகிறது.

பல்கலைக்கழக அனுமதி விதிகளிலும் ‘திறமை’ என்ற சொல் உண்டு. மருத்துவம், பொறியியல் முதலான துறைகளில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீத இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என வகுக்கப்பட்டு வந்துள்ளன. அம்பாறை அப்பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்று. 1970களின் தரப்படுத்தல் ஏற்படுத்திய மனக்காயங்களை நான் அறிவேன். அதன் நியாய அநியாயங்களுள் இங்கு நுழைய விரும்பவில்லை. ஆயினும், ஒரு மாணவனின் புள்ளிகளுக்குள் ஆய்வுகூடமும் ஆசிரியரும் அடங்கியுள்ளன என்பதை இவ்விதி மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது என்பது என் எண்ணம்.

இதனை வெகு முன்னரே கண்டுகொண்டவர் அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ். யுத்தகால உணவு உற்பத்தியை மேற்பார்வை செய்வதற்காக 1942ஆம் ஆண்டு உதவி அரசாங்க அதிபராகக் கல்முனைக்கு வந்த அவர், நெல்வயல்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பவில்லை. வசதியின்மையால் கல்வி தடைப்பட்ட பிள்ளைகளையும் பார்த்தார். வறிய முஸ்லிம் மாணவர்க்கான கல்விச் சகாய நிதி 1945இல் அவர் முயற்சியால் தோன்றியது. மூளை இறைவன் தந்த கொடையாயினும், அதற்குப் புத்தகம் வாங்கிக் கொடுக்க ஒருவர் வேண்டும்.

என்னையும் ஊரார் மூளைக்காரி என்றே அழைக்கின்றனர். எங்கள் வீடு தறிவீடு. 1977இல் திறந்த பொருளாதாரம் வந்து, வெளிநாட்டுத் துணிகள் குவிந்தபின் மருதமுனைக் கைத்தறிக்கு நேர்ந்த சரிவை வாப்பா சிறுவயதில் கண்டவர். எனினும் தறியை விடவில்லை. நான் விடியுமுன் எழுந்து படித்தது உண்மை. ஆனால், எனக்கு முன்னரே எழுந்து உம்மா நூல் சுற்றியதும் உண்மை. மூத்த காக்கா சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்திக் கட்டாருக்குப் போனார். கணிதத்தில் என்னைவிட அவர் கெட்டிக்காரர். அவரை யாரும் மூளைக்காரன் என்று சொல்வதில்லை.

அவர் அனுப்பும் பணத்தில் எழும்புவது எனது வீடு. மணமகன் மனைவியின் வீட்டிற்குக் குடிவருவது எங்கள் வழக்கமாதலின், பெண்பிள்ளை பிறந்தவுடனேயே வளவு பற்றிய கவலையும் பிறந்துவிடுகிறது. பெண்ணுக்கென்று ஒரு வீடு இருப்பதை நான் குறைசொல்லேன். எங்கள் பெண்கள் பலருக்கு அதுவே கடைசிப் பாதுகாப்பு. வருபவன் பட்டதாரியானால் வீட்டோடு நிற்பதில்லை என்பதுதான் சிக்கல். மாப்பிள்ளையின் ‘திறமை’க்கு ஏற்பக் கைக்கூலியும் உயர்கிறது. மஹர் மணமகன் மணமகளுக்குக் கொடுக்கவேண்டியது. கைக்கூலியோ எதிர்த்திசையில் பாய்கிறது. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்திலேயே இச்சொல் இடம்பெற்று, அதனை மனைவி காதியாரிடம் மீட்டுக் கேட்கவும் வழியுண்டு. கூலி என்றால் செய்த வேலைக்குக் கொடுப்பது. மாப்பிள்ளை எங்கள் வீட்டில் என்ன வேலை செய்தார்? இக்கேள்வியை ஒருமுறை மூத்தம்மாவிடம் கேட்டேன். “படிச்ச புள்ளைக்குக் குடுக்கத்தானே வேணும் மகள்” என்றார். நானும் படித்த பிள்ளைதான் என்பது அவ்வேளையில் அவருக்கு நினைவு வரவில்லை.

பேச்சுக் கலியாணம் வேண்டாம், காதல் இந்தக் கணக்குகளுக்கு அப்பாற்பட்டது என்பார் கலைப்பீடத்தில் பலருளர். எனக்கு ஐயமுண்டு. என் தோழி ஒருத்திக்காக ஒரு மாணவர் இரண்டாண்டுகள் குறிப்புகள் எழுதிக் கொடுத்தார். நூலகத்தில் இடம் பிடித்துவைத்தார். அவளுடைய ஊர் பஸ் வரும்வரை மழையில் நின்றார். அவள் மறுத்தபோது, “இவ்வளவு செய்தும்!” என்று அவர் நண்பர்கள் கொதித்தனர். வேறு சிலர், “அவனுக்குப் பேச்சுத் திறமை இல்லை; அது பிறவியில் வரவேண்டும்” என்று தீர்ப்பளித்தனர். உழைப்பா திறமையா என்று விடுதியில் ஒரு வாரம் விவாதம் நடந்தது. அவளுக்கு அவரைப் பிடிக்கவில்லை என்ற எளிய செய்தி அவ்விவாதத்தில் ஒருமுறையேனும் எழவில்லை. எழுதிய குறிப்புகளுக்கு அவள் மனத்தைக் கேட்பதும் ஒருவகைக் கைக்கூலியே என்று நான் சொன்னதற்காகச் சிலர் இன்றும் என்னோடு பேசுவதில்லை.

உழைப்பின் பெருமைக்கு எங்கள் அயலூரான காரைதீவே சான்று. அங்கு 1892இல் பிறந்த விபுலானந்த அடிகள், மறைந்துபோன யாழைத் தேடிப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்தார். நோயுற்ற உடலோடும் பணியைத் தொடர்ந்தார். யாழ் நூல் 1947இல் அரங்கேறியது. அவ்வாண்டு ஜூலையிலேயே அவர் மறைந்தார். அவரையும் பிறவி மேதை என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. அப்பதினான்கு ஆண்டுகளை எண்ணிப்பார்ப்பதுதான் கடினம். ஆனால், ஓர் ஆய்வைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடரலாம். அது முகம் திருப்பிக்கொள்வதில்லை. மனிதரைப் பின்தொடர்வது அப்படியன்று.

எங்கள் வயற்காட்டுக் கவிகள் இவ்விடயத்தில் பல்கலைக்கழகத்தைவிடத் தெளிவானவை. பன்றிக்கும் யானைக்கும் பயந்து காவற்பரணில் இராமுழுதும் விழித்திருந்தவர்கள் பாடியவை அவை; நிந்தவூர்ச் சட்டத்தரணி எஸ். முத்துமீரான் போன்றோர் அவற்றைத் தேடித் தொகுத்தமையால் இன்று நமக்குக் கிடைக்கின்றன. எழுத்தறியாதவர் பாடினர் என்பதால் இதனையும் இயற்கையின் கொடை என்பர். விதைப்புத் தொடக்கம் அறுவடைவரை, பரணுக்குப் பரண் எதிர்க்கவி பாடிய இரவுகளைப் பயிற்சி என்னாது வேறென்னென்பது? எனக்கு அவற்றில் பிடித்தது வேறொன்று. அக்கவிகளில் பெண்ணுக்கும் பாட்டு உண்டு. ஆசைவார்த்தை பேசி வருபவனுக்கு அவள் பதில் சொல்கிறாள். சிலபோது நகைத்துத் திருப்பியும் அனுப்புகிறாள். அவன் எவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்பது அங்கே வழக்காகவில்லை.

சென்ற நோன்பு மாதத்தில் காக்கா தொலைபேசியில் பேசியபோது, கைக்கூலி கேட்கும் எவரும் வேண்டாம், வீட்டை இவ்வளவோடு நிறுத்திவிட்டு நீங்கள் முதலில் கலியாணம் முடியுங்கள் என்றேன். அவர் சிரித்தார். “நீ படிக்கிற வேலையைப் பாரு” என்றார். அவருக்கு முப்பத்திரண்டு வயது. சுவர் எழும்பி, நிலைகள் வைத்தாயிற்று; கூரைக்கு மரம் வாங்கவென்று இன்னும் ஓராண்டுக்கு ஒப்பந்தத்தைப் புதுப்பித்திருக்கிறார்.