திரையும் வேண்டும், காற்றும் வேண்டும்

களியக்காவிளையில் தமிழ்நாடு முடிகிறது. தமிழ் முடிவதில்லை. இஞ்சிவிளை, பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை என்று நெய்யாற்றின்கரை வரை சுமார் 12 கி.மீ. தூரத்துக்குக் கடைப் பலகைகள் மலையாளத்தில் இருந்தாலும் கடைக்குள் நடக்கும் பேச்சில் இரண்டு மொழிகளும் கலந்தே கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்கள் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. குளித்துவிட்டுத் துடைத்துக்கொள்ளும் மெல்லிய பருத்தித் துணியைக் குமரி மாவட்டத்துக்காரர் ‘துவர்த்து’ என்பார். எல்லை தாண்டினால் அதுவே ‘தோர்த்து’.

இரவில் இந்தச் சாலையில் அந்தத் துணிக்கு வேறொரு வேலை உண்டு. சாலையோரம் ஒதுக்கி நிறுத்திய லாரிகளின் கதவுக் கண்ணாடியை நான்கு விரற்கடை இறக்கி, துணியின் விளிம்பை இடுக்கில் செருகி மீண்டும் ஏற்றிவிடுகிறார்கள். துணிக்குப் பின்னால் ஓர் ஆள் உறங்குகிறார். மேலே மிச்சமிருக்கும் இடைவெளியில் காற்று போய் வருகிறது. அதை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினால் காற்று அதிகம் வரும். கூடவே மழையும், கொசுவும், செல்போனைத் தேடும் கையும் வரும். அடைத்துவிட்டால் வேர்வையில் குளிக்க வேண்டியதுதான். எவ்வளவு திறப்பது என்பதை ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு ஓட்டுநரும் தன் அனுபவத்தைக் கொண்டு முடிவு செய்கிறார்.

லாரிகள் இங்கே நிற்பதற்குப் பழைய காரணம் அமரவிளை சோதனைச் சாவடி. தேசிய நெடுஞ்சாலை 47 என்று அழைக்கப்பட்ட காலத்தில் (இப்போது இதன் எண் 66) காய்கறி, முட்டை, வைக்கோல் ஏற்றி வந்த வண்டிகள் நெய்யாற்றுப் பாலத்தருகே மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும். கேரளத்துக்குள் செல்லும் சரக்கு அங்கேதான் வரிக்கணக்குக் காட்ட வேண்டும். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்ததும் மாநில எல்லைகளில் இருந்த வணிகவரிச் சாவடிகள் தேவையற்றுப் போயின. வரிசை கரைந்தது. உறக்கம் மட்டும் கரையவில்லை. விடியற்காலைச் சந்தைக்குச் சரக்கை இறக்க வேண்டியவர்கள் திருவனந்தபுரத்தின் நெரிசலுக்குள் நுழையுமுன் இரண்டு மணி நேரமாவது கண் அயர இந்தப் பக்கத்தில்தான் இடம் பார்க்கிறார்கள்.

லாரியின் கேபின் உறங்குவதற்கென்று செய்யப்பட்டதல்ல. மூக்கு நீளாத லாரிகளில் எஞ்சின் ஓட்டுநர் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது. வண்டியை நிறுத்தி வெகு நேரம் ஆன பிறகும் அந்த இரும்பு அனல் கக்கிக்கொண்டிருக்கும். அதனால்தான் சிலர் சரக்கின் மேல் தார்ப்பாயை விரித்துப் படுக்கிறார்கள். சிலர் வண்டிக்கு அடியில் தொட்டில் கட்டிக்கொள்கிறார்கள். இரண்டிலும் காற்று தாராளம். ஆனால் ஊர் பார்க்கும், மழை நனைக்கும். இரண்டு பருவமழைகளும் பெய்யும் மண் இது.

கார்த்திகை பிறந்தால் சாலைக்கு வேறு கூட்டம் சேர்ந்துகொள்கிறது. சபரிமலை இறங்கிய ஆந்திர, தெலங்கானா, கர்நாடக வேன்கள் திருவனந்தபுரத்தில் பத்மநாபரைக் கும்பிட்டுவிட்டு இதே வழியாகக் கன்னியாகுமரிக்குப் போகின்றன. லாட்ஜில் தங்க வசதியில்லாத குழு வேனிலேயே உறங்குகிறது. பன்னிரண்டு பேர், மாலையும் இருமுடியும் பாத்திரமும் அடுப்பும். வயதான மாளிகைப்புறத்தம்மாக்களும் இருப்பார்கள். ஆண்களுக்குத் துண்டை விரித்துப் பெட்ரோல் பங்க்கின் ஓரத்தில் படுக்கவும் முடியும். பெண்களுக்கு வேனைத் தவிர வேறிடமில்லை. உடை மாற்றுவதும் அதற்குள்தான். சன்னலை மூடித் திரையை இழுத்தால் மானம் காக்கப்படும், மூச்சு முட்டும்.

மூச்சு முட்டுவது பிரமை அல்ல. உறங்கும் ஒருவர் மணிக்கு ஏறத்தாழ 12 முதல் 15 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். சிறிய கேம்பர் வேனின் உட்புறம் 10 கன மீட்டர் என்று வைத்துக்கொண்டால், இரண்டே பேர் இறுக மூடிப் படுத்தாலும் ஒரு மணி நேரத்தில் அந்த வாயுவின் அளவு பத்து லட்சத்தில் 2,500 முதல் 3,000 பங்கு வரை கூடிவிடும். வெளிக்காற்றில் அது 420 பங்குக்குச் சற்று மேல். நல்லவேளையாக எந்த வேனும் அவ்வளவு இறுக்கமாக மூடுவதில்லை. ரப்பர் விளிம்புகள் கசியும். ஆனாலும் விடியும்போது தலை கனப்பதற்கும், கண்ணாடியின் உட்புறம் நீர் வழிவதற்கும் காரணம் இதுவும் மூச்சின் ஈரமும்தான்.

திரை விஷயத்தில் சட்டமும் குறுக்கிடுகிறது. 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. 2021 ஜனவரியில் கேரள மோட்டார் வாகனத் துறை ‘ஆபரேஷன் ஸ்கிரீன்’ என்ற பெயரில் சாலையில் இறங்கி, பிலிமோடு சன்னல் திரைகளையும் அவிழ்க்க வைத்து அபராதம் விதித்தது. பின்னர் விதி திருத்தப்பட்டது. முன், பின் கண்ணாடிகள் 70 சதவிகிதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவிகிதமும் ஒளியை உள்ளே விடுமானால் பிலிம் ஒட்டலாம் என்று 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. ஓடும் வண்டிக்குள் நடப்பது வெளியே தெரிய வேண்டும் என்பது அரசின் கவலை. குற்றங்கள் நடந்த நாட்டில் அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பாதி ஒளி புகும் கண்ணாடி இரவில், உள்ளே விளக்கு எரியும்போது எதையும் மறைக்காது. நின்ற பிறகு மாட்டி, கிளம்புமுன் கழற்றும் துணிதான் உறங்குபவருக்கு வழி. லாரிக்காரரின் துவர்த்து சட்டத்துக்கும் பொருந்துகிறது!

ஏசி இருந்தால் இத்தனை தொல்லை இல்லையே என்று தோன்றும். 2024 டிசம்பர் 23 மாலை, இதே 66ஆம் எண் நெடுஞ்சாலையின் வடக்குப் பகுதியில், வடகரை அருகே கரிம்பனப்பாலத்தில் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தது கண்டுபிடிக்கப்பட்டது. ஏசிக்கு மின்சாரம் தர ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அதன் புகையிலிருந்த கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்ததே சாவுக்குக் காரணம் என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் சோதனை நடத்திச் சொன்னார்கள். இந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைப் பற்றுவதைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்ளும். விழித்திருப்பவருக்காவது தலைவலி வந்து எச்சரிக்கும். உறங்குபவருக்கு அதுவும் இல்லை. சன்னலை இரண்டு விரல் திறந்து வைப்பது இதற்குக் காப்பு ஆகாது; புகை அந்த வழியாகவே உள்ளே வரவும் கூடும். எஞ்சினோ ஜெனரேட்டரோ ஓடும் வண்டிக்குள் உறங்கக் கூடாது, அவ்வளவுதான்.

இயந்திரமில்லாமல் மறைவையும் காற்றையும் சேர்த்துத் தருவது எப்படி? விடை தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. களியக்காவிளையிலிருந்து கிழக்கே தக்கலைக்குப் பஸ் ஏறினால் போதும். தக்கலையை ஒட்டி, தமிழ்நாட்டு மண்ணில் நின்றபடி கேரளத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்குப் போகும்வரை திருவிதாங்கூர் இங்கிருந்துதான் ஆளப்பட்டது. மரத்தாலான இந்த அரண்மனையில் கண்ணாடியைக் காட்டிலும் சட்டங்கள் அதிகம். சுவரே பல இடங்களில் சாய்வான பலகைச் சட்டங்களின் அடுக்கு. மந்திரசாலையில் வெயிலை வடிகட்ட வண்ண அபிரகத் தகடுகள். நவராத்திரி மண்டபத்தில் நடந்த கச்சேரிகளை அரச குடும்பத்துப் பெண்கள் மரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து, சிறு துளைகள் வழியாகப் பார்த்தார்கள்.

சாய்ந்த சட்டத்தின் சூட்சுமம் எளியது. வெளிப்பக்கம் தாழ்ந்திருப்பதால் மழைநீர் வெளியே வடியும். மாடியில் நிற்பவர் கீழே தெருவைப் பார்க்கலாம். தெருவில் நிற்பவர் அண்ணாந்தால் அவருக்கு உட்கூரைதான் தெரியும். காற்றுக்கு எந்தத் தடையும் இல்லை. முக்கியமாக, அது நெடுக்கில் வரும் ஒற்றைத் துளை அல்ல, எதிரெதிராக இரண்டு பக்கமும் திறப்பு. ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று எட்டிப் பார்க்கும்; மறு பக்கமும் திறந்தால்தான் உள்ளே நடக்கும். கூரையின் உச்சியில் வெப்பம் வெளியேற வழி இருந்தால் இன்னும் நல்லது.

இந்த மறைவு எல்லோருக்கும் கிடைத்ததல்ல என்பதையும் அரண்மனையைச் சுற்றிப் பார்ப்பவர்கள் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. அரசிகள் மரத் தடுப்புக்குப் பின்னால் இருந்த அதே நாட்டில், அதே காலத்தில், நாடார் பெண்கள் மார்பை மறைத்து உடுத்துவதற்குத் தடை இருந்தது. பல பத்தாண்டுகள் நீண்ட தோள்சீலைப் போராட்டத்துக்குப் பின் 1859 ஜூலையில்தான் உத்திராடம் திருநாள் மன்னர் அனுமதி அறிவித்தார். அதுவும் உயர்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடு. மறைந்திருக்கும் உரிமை இந்தப் பகுதியில் அந்தஸ்தைப் பொறுத்துப் பங்கிடப்பட்டது. அந்தப் பழக்கம் முற்றிலும் போய்விட்டதாகச் சொல்ல முடியாது. நட்சத்திர ஓட்டல் போன்ற கேரவனுக்குத் திரை இயல்பான வசதி. லாரிக்காரரின் திரையோ போகிற போலீஸ்காரர் தடியால் விலக்கிப் பார்ப்பதற்கு உரியது.

அரசனுக்கும் ஒருமுறை மறைவிடம் தேவைப்பட்டது. நெய்யாற்றின்கரை கிருஷ்ண சுவாமி கோயில் வளாகத்தில் ‘அம்மச்சிப் பிலாவு’ என்ற பலா மரத்தின் எச்சம் பாதுகாக்கப்படுகிறது. எட்டு வீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தி வந்தபோது இளைஞர் மார்த்தாண்ட வர்மா இதன் பொந்துக்குள் பதுங்கி உயிர் பிழைத்தார் என்பது ஊர் வழக்கு. வழிகாட்டிய சிறுவன் கிருஷ்ணனே என்று நம்பி, அரசரானபின் (1729-1758) அவர் இங்கே கோயில் கட்டினார் என்பார்கள். பொந்துக்குள் காற்று எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சட்டத்தின் சூட்சுமத்தைச் செங்கல்லில் செய்து காட்டியவர் லாரி பேக்கர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2007இல் மறைந்த இந்தக் கட்டடக் கலைஞரின் கைவண்ணத்தைத் தம்பானூரில் பஸ் இறங்கும் யாரும் பார்க்கலாம். சுருள் வடிவில் எழும் இந்தியன் காபி ஹவுஸின் சுவர் முழுக்கத் துளைகள். உள்ளே உட்கார்ந்து மசால் தோசை தின்பவருக்குத் தெருவின் வெளிச்சம் தெரிகிறது. தெருவில் போகிறவருக்குத் தின்பவர் யாரென்று தெரிவதில்லை. பகலில் உள்ளே இருட்டு, வெளியே வெளிச்சம் என்பதே இதற்கு அடிப்படை. இரவில் கணக்கு தலைகீழாகும். வேனில் படுப்பவர் முதலில் விளக்கை அணைத்து, பிறகு கண்ணாடியை இறக்க வேண்டும் என்பது இதனால்தான். அனுபவஸ்தர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

இவற்றை வேனுக்குப் பொருத்துவது பெரிய வித்தை அல்ல. கண்ணாடிக்கு மேல் விளிம்பில் ஒட்டும் பிளாஸ்டிக் மழைத்தடுப்பு, சாய்ந்த சட்டத்தின் தம்பிதான். அது இருந்தால் மழையிலும் இரண்டு விரல் திறக்கலாம், இடுக்கும் கண்ணுக்குப் படாது. எதிரெதிர்ச் சன்னல்களில் கொசுவலை. வலை காற்றைக் குறைக்கும் என்பதால் திறப்பைப் பெரிதாக வைக்க வேண்டும். கூரையில் ஒரு மூடி, அதில் பேட்டரியில் ஓடும் சிறு விசிறி. உள்ளிருக்கும் காற்றை அது வெளியே தள்ள, குளிர்ந்த காற்று கீழ்ச் சன்னல் வழியே தானே நுழையும். அப்படி மேலே இழுப்பு இருந்தால் திரை துணியாக இருந்தாலும் பாதகமில்லை. துணியிலும் தேர்வு உண்டு. நைலான் திரை காற்றைத் தடுக்கும். நெய்யாற்றின்கரைக்கு வடக்கே பாலராமபுரத்தின் குழித்தறிகளில் நெய்யப்படும் மெல்லிய பருத்தி காற்றை விடும். அந்தத் தறிகளை இயக்கும் சாலியர் தெருக்களும் தமிழகத்திலிருந்து போனவர்களால் உருவானவையே.

வண்டியில் உறங்குவதை கேரள அரசு 2021 செப்டம்பரில் சுற்றுலாக் கொள்கையாகவே அறிவித்தது. கேரவன்களுக்கு மானியம், அவை நிற்பதற்குக் கேரவன் பூங்கா, அங்கே தண்ணீர், மின் இணைப்பு. வாகமணில் 2022இல் முதல் பூங்கா திறந்தது. மின் இணைப்பு இருந்தால் ஜெனரேட்டர் தேவையில்லை. வடகரையில் நடந்தது அங்கே நடக்க வாய்ப்பில்லை. மத்திய அரசு தன் பங்குக்கு, 2025 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் ஏசி கட்டாயம் என்று விதித்திருக்கிறது. ஓட்டும்போது அது பெரிய ஆறுதல். ஆனால் அந்த ஏசி எஞ்சின் ஓடினால்தான் குளிரும். நின்ற லாரிக்குள் கண்ணாடியை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உறங்கும் ஆசையை யார் தடுப்பது? லாரிகளுக்கென்று மின் இணைப்போடு கூடிய நிறுத்தம் எதையும் அந்த விதி கேட்கவில்லை.

எல்லையில் லாரிகள் நிற்கும் இடமும் மாறிவருகிறது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச்சாலை பாறசாலைக்கு அருகே காரோட்டில் முடிகிறது. கடைசிப் பகுதி கான்கிரீட் சாலை. பழைய சாலையில் பலாவும் தென்னையும் நிழல் தந்தன, விடிய விடிய விளக்கெரியும் தட்டுக்கடைகள் துணைக்கு இருந்தன. அமரவிளை வரிசையில் முன்னும் பின்னும் வேறு லாரிகள் நின்றன. கண்ணாடியைத் தாராளமாக இறக்கிவைத்தாலும் கேட்பதற்கு ஆள் இருந்தது. புறவழிச்சாலையில் பகல் வெயிலை வாங்கிய கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டை விடுவதில்லை. பக்கத்தில் வண்டி இல்லாதபோது ஓட்டுநர் கண்ணாடியை நான்கு விரற்கடையிலிருந்து இரண்டாகக் குறைத்துக்கொள்கிறார்.