தண்ணீரை அளந்தேன், உப்பை மறந்தேன்

என் கணவருக்கு 52 வயதில் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்தன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம். சிறுநீர் அநேகமாக நின்றுவிட்டதால் குடிப்பதெல்லாம் உடம்பிலேயே தங்கிவிடும். காபி, மோர், ரசம் எல்லாம் சேர்த்து நாளுக்கு 1 லிட்டர்தான் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து நான் காவலுக்கு உட்கார்ந்தேன். அவர் பாத்ரூம் போனால் குழாய்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வேன். ஒருநாள் எடை மூன்று கிலோ கூடியிருந்தது. நர்ஸ் முன்னாலேயே, "திருட்டுத்தனமா குடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பேசாமல் எடை மெஷினிலிருந்து இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டார். அன்றிரவு, டயாலிசிஸுக்காக அவர் கையில் ரத்தக்குழாய்களை இணைத்து வைத்திருக்கும் ஃபிஸ்டுலாவைத் தொட்டுப் பார்க்கப் போனேன். கையை இழுத்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. அவசர டயாலிசிஸ் செய்து காப்பாற்றினார்கள். மறுநாள் டயட்டீஷியன் என்னிடம், "வீட்ல என்னம்மா சமையல்?" என்றார். நாக்குக்கு ருசியாவது இருக்கட்டுமே என்று நான் போட்ட ஊறுகாய், அப்பளம், கருவாட்டுக் குழம்பு எல்லாவற்றையும் சொன்னேன்.

"உப்பு உள்ள போனா தாகம் எடுக்கத்தாம்மா செய்யும். தாகத்தையும் குடுத்துட்டுத் தண்ணியையும் புடுங்கினா அவர் என்ன செய்வார்?"

எனக்கு வாயடைத்துப் போயிற்று. வீட்டுக்கு வந்ததும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "நீயும்தான் எத்தனை பார்ப்பே? பிரிச்சுக்குவோம்" என்றார்.

இப்போது தண்ணீர்க் கணக்கு அவருடையது. காலையில் 1 லிட்டர் பாட்டிலை நிரப்பிக்கொள்வார். காபி குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுவார். உப்புக் கணக்கு என்னுடையது. ஆளுக்கு நாளுக்கு 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள். சோடியம் குறைத்த உப்பில் பொட்டாசியம் சேர்ந்திருக்கும் என்பதால் அதை வாங்குவதில்லை. மிளகும் சீரகமும் பூண்டும்தான் கைகொடுக்கின்றன. எனக்கென்று தனிக் குழம்பு கிடையாது. அவர் சாப்பிடுவதையே நானும் சாப்பிடுகிறேன்.

நோயாளியைக் கண்காணிப்பதுதான் அக்கறை என்று நினைத்திருந்தேன். அவர் பாட்டில் பக்கம் நான் திரும்பிப் பார்க்காமல் இருப்பதும் அக்கறைதான் என்று இப்போது தெரிகிறது.

ராத்திரி படுக்கும் முன் ஃபிஸ்டுலாவில் விரல் வைத்துப் பார்ப்போம். ரத்தம் ஓடும் அதிர்வு, குர்குர் என்னும் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் விரலில் தட்டுப்பட வேண்டும். இல்லையென்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். நான் மறந்தாலும், விளக்கை அணைக்கும் முன் அவரே கையை நீட்டுகிறார்.