கெப்ளர் கணவாயில் ஒரு பகல்

மலைப் பாதை என்றதும் நம்மவருக்கு நினைவு வருவது உதகை செல்லும் சாலையின் கொண்டை ஊசி வளைவுகள்தான். அமெரிக்காவில் கொலராடோ ராஜ்யத்திலுள்ள கெப்ளர் கணவாய்ப் பாதை வேறு ரகம். கிரெஸ்டட் பியூட் என்னும் சிற்றூரிலிருந்து மேற்கே சுமார் 30 மைல் செல்லும் இந்தப் பாதையின் பெரும் பகுதி வெறும் கப்பி ரஸ்தா. குளிர்காலத்தில் பனி மூடிவிட்டால் மோட்டார் போக வழியில்லை. ஆகவே இலையுதிர் காலமே ஆண்டின் கடைசி வாய்ப்பு. செப்டம்பர் மாதக் கடைசியில் ஒரு நாள் காலை நாம் புறப்பட்டோம்.

"ஸார், கண்ணாடியை ஏற்றிவிடுங்கள். முன்னால் போகிற வண்டியின் புழுதி முழுவதும் நமக்குத்தான்" என்றார் வண்டியோட்டிய நண்பர். அவர் சொன்னது சரியாயிற்று. வளைவுக்கு வளைவு வேகத்தைத் தணித்துக்கொண்டு ஏறினோம்.

கணவாயின் உச்சி 10,007 அடி. நம் தொட்டபெட்டாவைக் காட்டிலும் 1,300 அடிக்கு மேல் உயரம். அங்கே ஒரு பழைய இடுகாடு இருக்கிறது. 1879-ல் வெள்ளிக்காக ஓடிவந்த ஜனங்கள் எழுப்பிய இர்வின் என்னும் ஊரைச் சேர்ந்தது. வெள்ளி வற்றியது, ஊரும் கலைந்தது, கல்லறைகள் மட்டும் மிச்சம்.

உச்சியைத் தாண்டி இறங்கியதும் ஆஸ்பென் வனம் தொடங்குகிறது. வெண்ணிற மரங்கள், அவற்றின் மேல் பொன்னிற இலைகள். நம் அரசிலையைப் போலவே இதுவும் இலேசான காற்றுக்கே சலசலக்கிறது. காம்பு தட்டையாக இருப்பதே காரணம். ஓரிடத்தில் மலைச்சரிவின் ஒரு பகுதி முழுவதும் மஞ்சள். அடுத்த பகுதி இன்னும் பச்சை. நடுவே கோடு கிழித்தாற்போல் எல்லை. காரணம் விந்தையானது. ஒரே வேரிலிருந்து நூற்றுக்கணக்கான மரங்கள் முளைக்கின்றன. பார்வைக்குத் தோப்பு, உண்மையில் ஒரே உயிர். அதனால் அவை ஏககாலத்தில் நிறம் மாறுகின்றன. தீயில் மரங்கள் அழிந்தாலும் வேர் பிழைத்திருந்தால் மீண்டும் துளிர்க்கும்.

வண்டியை நிறுத்தி இறங்கினோம். அந்த நிசப்தத்தில் ஒரு கேள்வி எழுந்தது: இந்த மலை யாருடையது?

ஊட் என்னும் பூர்வ குடிகளுடையது. 1868-ல் அமெரிக்க சர்க்கார் செய்த உடன்படிக்கைப்படி இந்தப் பிரதேசம் அவர்களுக்கே உரியது. அவர்கள் அனுமதியின்றி அந்நியர் குடியேறக் கூடாது. ஆயினும் வெள்ளி கிடைத்ததும் உடன்படிக்கை காகிதமாயிற்று. இர்வின் நகரமே அவர்கள் எல்லைக்குள் எழுந்ததுதான். சமாதானத்துக்காகப் பாடுபட்ட தலைவர் ஊரே 1880-ல் காலமானார். மறு ஆண்டு அவர் மக்களை ராணுவத்தின் துணையோடு யூட்டாவுக்கு விரட்டினார்கள். அவர் மனைவி சிப்பீட்டாவும் ஊர் நீங்கியவர்களில் ஒருவர். 1924-ல் அங்கேயே கண்ணை மூடினார்.

1947 வரை அந்நியர் ஆட்சியின் கீழிருந்த நமக்கு இந்தக் கதை புதிதன்று. ஆனால் நாம் நம் மண்ணிலேயே இருந்து அதை மீட்டோம். அவர்களுக்கு மண்ணும் போயிற்று. ஆயினும் அந்த ஜாதியார் அழிந்துவிடவில்லை. கொலராடோவின் தென்மேற்கிலும் யூட்டாவிலும் இன்றும் தங்கள் சபைகளோடு வாழ்கிறார்கள்.

மாலையில் பாதை முடிந்து தார்ச்சாலை வந்தது. உடையெல்லாம் ஒரே புழுதி. அதைத் தட்டிவிட மனம் வரவில்லை.