பீமாசங்கருக்கு ஒரு நாள் முன்னதாக

சாகண் தளேகாவ் சௌக்கில் விடியற்காலை நான்கு மணிக்கும் போக்குவரத்து ஓய்வதில்லை. புனே - நாசிக் நெடுஞ்சாலையில் கார் உதிரிபாகங்கள் ஏற்றிய கன்டெய்னர்கள், ஷிஃப்ட் முடிந்தவர்களைச் சுமந்து வரும் கம்பெனி பஸ்கள், வெங்காய மூட்டைகளுடன் மார்க்கெட்டுக்கு விரையும் டெம்போக்கள். மாசி மாதம், மகாசிவராத்திரிக்கு முந்தைய சில நாட்களில், இந்த நெரிசலுக்கு நடுவே காவிக் கொடியும் தோள் பையுமாகச் சிறு சிறு கூட்டங்கள் வடக்கு நோக்கி நடக்கும். ராஜ்குருநகர் வரை நெடுஞ்சாலை. பிறகு மேற்கே திரும்பினால் சஹ்யாத்ரி மலை. சாகணிலிருந்து சுமார் 80 கி.மீ. தூரத்தில், பன்னிரண்டு ஜோதிர்லிங்கங்களில் ஒன்றான பீமாசங்கர். மூன்று நாள் நடை.

நெடுஞ்சாலையில் பெரிய சிரமம் இல்லை, லாரிகளுக்கு ஒதுங்கி நடந்தால் போதும். சிக்கல் மலையில்தான், அதுவும் பிற்பகலில். புறப்படும்போது பல் கிட்டும் குளிர். பதினோரு மணிக்குத் தார் இளகும் வெயில். நாலு மணிக்கு எங்கிருந்தோ வந்து கொட்டும் மழை, சில ஆண்டுகளில் ஆலங்கட்டியோடு. இதற்குத் தயாராகக் கிளம்புகிறவர்கள் குறைவு. அலட்சியம் என்று சொல்லிவிட முடியாது. மாசியில் மழை வரும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை, அவ்வளவுதான்.

சாகணிலிருந்து அரை நாள் நடையில் ஆளந்தி. அங்கிருந்து ஆனி மாதவாக்கில் பண்டரிபுரம் புறப்படும் ஞானேஸ்வரர் பல்லக்கோடு லட்சக்கணக்கானோர் நடக்கிறார்கள். நனையத்தான் போகிறோம் என்று தெரிந்தே போவதால் ஆளுக்கொரு பிளாஸ்டிக் விரிப்பு தலையில் இருக்கும். மழை சாகணுக்கும் புதிதல்ல. ஊருக்குள் இடிந்து கிடக்கும் சங்கிராம்துர்க் தரைக்கோட்டையை ஷாயிஸ்தா கான் முற்றுகையிட்டது 1660ஆம் ஆண்டு மழைக்காலத்தில். சிவாஜியின் கோட்டைத் தலைவர் ஃபிரங்கோஜி நர்சாளா கொட்டும் மழையில் ஏறக்குறைய இரண்டு மாதம் தாக்குப்பிடித்தார். கடைசியில் சுரங்கம் தோண்டி வெடி வைத்துத்தான் மொகலாயர்களால் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. வரும் என்று தெரிந்த மழையை இந்த ஊர் சமாளித்துவிடும். வராது என்று நினைத்த மழைதான் ஆளைச் சாய்க்கிறது.

அந்த மழை வருவதற்குக் காரணம் உண்டு. பீமாசங்கர் சுமார் 3,000 அடிக்கு மேல், மேற்குத் தொடர்ச்சி மலையின் விளிம்பை ஒட்டி இருக்கிறது. மலைக்கு மேற்கே தரை செங்குத்தாகச் சரிந்து கொங்கணத்தில் போய் நிற்கிறது. குளிர்காலம் விடைபெறும் நாட்களில் பாறை சீக்கிரம் சூடேறுகிறது. பகலில் அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மலைச்சுவரில் ஏறி, உள்நாட்டின் வறண்ட காற்றைச் சந்திக்கிறது. காலையில் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் வானத்தில் மதியத்துக்கு மேல் மேகம் கோபுரமாக எழும்புவது இதனால்தான். மராட்டியர்கள் கோடை மழைக்கு ‘வளீவ்’ என்றும் ஆலங்கட்டிக்கு ‘காரா’ என்றும் பெயர் வைத்திருக்கிறார்கள். பருவம் தப்பி வருவது ‘அவகாளி’. விவசாயிகள் இந்தக் கடைசிச் சொல்லைச் சொல்லும்போது குரலே மாறிவிடும்.

2014இல் சிவராத்திரி பிப்ரவரி 27ஆம் தேதி வந்தது. அதை ஒட்டிய நாட்களில் தொடங்கி மார்ச் பாதிவரை மகாராஷ்டிராவின் பல மாவட்டங்களில் ஆலங்கட்டி மழை கொட்டியது. கோதுமை, திராட்சை, மாதுளை, வெங்காயம் எல்லாம் நாசம். ஆடு மாடுகள் செத்தன, மனிதர்களும் இறந்தார்கள். ஆலங்கட்டி என்றால் குழந்தைகள் பொறுக்கி விளையாடும் சமாசாரம் என்று நினைப்பவர்கள் இமயத்தில் ரூப்குண்ட் ஏரியை நினைத்துக்கொள்ளலாம். அதன் கரையில் கிடக்கும் எலும்புகளில் ஒரு பகுதி, சுமார் 1,200 ஆண்டுகளுக்கு முன் வந்த யாத்ரிகர்களுடையதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். சில மண்டையோடுகளில் மேலிருந்து உருண்டையான எதுவோ தாக்கிய விரிசல்கள். பெரிய ஆலங்கட்டிகள்தான் என்பது ஒரு வலுவான ஊகம்.

நான் நடந்த ஆண்டு அவ்வளவு மோசமில்லை. இரண்டாம் நாள், வாடா கிராமத்தைத் தாண்டியிருந்தோம். இடப்பக்கம் சாஸ்கமான் அணையின் நீர் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. இந்தச் சாலையின் அழகே அதுதான்: பீமா நதியை எதிர்த்து, அது பிறக்கும் இடத்தை நோக்கி நடக்கிறோம். மூன்றரை மணிக்குக் காற்று சட்டென்று நின்றது. பிறகு எதிர்த்திசையிலிருந்து புழுதியோடு திரும்பி வந்தது. பத்து நிமிடத்தில் சுண்டைக்காய் அளவில் கட்டிகள் விழ ஆரம்பித்தன. ஓடிப்போய் ஒரு பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் நின்றோம். தகரக் கூரையில் விழுந்த சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை. அரை மணியில் எல்லாம் ஓய்ந்தது. ஆனால் எங்களில் பாதிப் பேர் விரதம், காலையிலிருந்து பாலும் இரண்டு வாழைப்பழமும்தான். நனைந்த பருத்தி வேட்டியில் மலைக்காற்று பட்டதும் அவர்களுக்குத்தான் முதலில் நடுக்கம் கண்டது. ஒருவருக்குப் பேச்சே குழறியது.

இதற்குப் பனிமலை தேவையில்லை. பத்துப் பதினைந்து டிகிரி வெப்பமே போதும், உடம்பு நனைந்திருந்து, காற்றும் வீசி, வயிறும் காலியாக இருந்தால் உடல் சூடு அபாயகரமாகக் குறையும். ஈரப் பருத்தி உடம்பின் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு கதகதப்பு தரும். இங்குள்ள தன்கர் இடையர்கள் தோளில் போட்டுத் திரியும் ‘கோங்கடி’ என்ற முரட்டுக் கம்பளியைப் பார்த்து நகரத்தார் சிரிப்பதுண்டு. அன்று அந்தப் பேச்சுக் குழறியவரைச் சுற்றிப் போர்த்தியது கிராமத்தவர் ஒருவர் தந்த கோங்கடியைத்தான். பளபளக்கும் மலையேற்ற ஜாக்கெட்டுகளை வாங்கப் பணத்தைக் கொட்ட வேண்டாம். ஒரு கம்பளி, ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, பாலிதீன் பையில் இறுக்கிக் கட்டிய ஒரு மாற்றுத் துணி போதும். விரதக்காரர்களுக்கும் வழி இருக்கிறது. சாபுதானா கிச்சடி, நிலக்கடலை, வெல்லம், வேகவைத்த உருளைக்கிழங்கு எல்லாம் இங்கே விரதத்தில் சேர்த்தி. சாகண் சந்தையில் வெங்காயத்துக்கு அடுத்தபடி உருளைக்கிழங்குதான் என்பதால் அதற்குப் பஞ்சமும் இல்லை. காலை வெயிலுக்கு உப்புப் போட்ட மோர்.

இடி மின்னல் வேறு விவகாரம். மின்னலைப் பார்த்து முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கி.மீ.க்குள் இருக்கிறது என்று அர்த்தம். உடனே சுவரும் கூரையும் உள்ள கட்டடத்துக்குள்ளோ பஸ்ஸுக்குள்ளோ போய்விட வேண்டும். கடைசி இடி கேட்ட பிறகும் அரை மணி காத்திருக்க வேண்டும். தனி மரத்தடி ஆகாது. நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்ட சாலையோரக் கொட்டகையும் மழைக்குத்தான் உதவும், மின்னலுக்கு உதவாது. திறந்த மேட்டில் மாட்டிக்கொண்டால் பள்ளத்துக்கு இறங்கி, ஒருவரை ஒருவர் கட்டிக்கொள்ளாமல் விலகி, பாதங்களைச் சேர்த்துக் குந்தி உட்கார வேண்டும். இரும்புக் கழியில் கட்டிய கொடியைக் கீழே வைத்துவிட வேண்டும். கொடியைத் தரையில் வைப்பதா என்று தயங்குகிறவர்கள் உண்டு. இறைவன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

முன்னறிவிப்புக்குப் புனேக்காரர்கள் குறைப்பட்டுக்கொள்ள முடியாது. வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து இங்கேதான் வந்தது. பிறகு அது டெல்லிக்குப் போய்விட்டாலும் சிவாஜிநகரில் உள்ள கட்டடத்தை ஊர் இன்னும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றுதான் சொல்கிறது. அதே நகரத்தின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையம் உருவாக்கிய ‘தாமினி’ என்ற செல்போன் செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் வாய்ப்பை முன்கூட்டிச் சொல்கிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் காட்டுக்குள் நுழைந்ததும் செல்போன் சிக்னல் வருவதும் போவதுமாக இருக்கும். ஆகவே ராஜ்குருநகரில், மலைப்பக்கம் திரும்பும் முன்பே பார்த்துக்கொள்வது உத்தமம்.

இத்தனையும் பையில் இருந்தும் பலர் மாட்டிக்கொள்வதற்குக் காரணம் ஒன்றுதான். தேதி. சிவராத்திரி அன்று இரவு சன்னதியில் இருந்தாக வேண்டும் என்பது சங்கல்பம். மூன்று நாள் நடைக்குச் சரியாக மூன்று நாள் முன்பு புறப்பட்டால், மேகம் திரளும்போது நிற்க மனசு வராது. அன்று பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் ஆலங்கட்டி நின்ற மறுநிமிடமே, இடி இன்னும் உறுமிக்கொண்டிருக்க, எங்களில் சிலர் பையைத் தூக்கிவிட்டார்கள். அவர்களிடம் குடை இருந்தது, நேரம்தான் இல்லை. ஒரு நாள் முன்னதாகக் கிளம்பியிருந்தால் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் ஏதாவதொரு கூரையடியில் சேர்ந்து, மறுநாள் விடியற்காலை நாலு மணிக்கு நிதானமாக நடந்திருப்பார்கள். லீவு கிடைக்காது என்பார்கள் தொழிற்சாலைக்காரர்கள். உண்மைதான். அப்படியானால் ராஜ்குருநகர் வரை எஸ்.டி. பஸ்ஸில் வந்து, அங்கிருந்து நடக்கலாம். வேண்டுதலை 12 கி.மீ. குறைத்துக்கொள்வது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஸ்பெயினின் சந்தியாகோ தேவாலயத்துக்கு பிரான்ஸிலிருந்து நடப்பவர்கள் பிரெனீஸ் மலையைக் கடக்க வேண்டும். நவம்பர் முதல் மார்ச் முடிய உயரமான பாதை மூடப்படுகிறது. யாத்ரிகர்கள் பள்ளத்தாக்குச் சாலையில் போகிறார்கள். யாருடைய பக்தியும் அதனால் குறைந்துவிடவில்லை. நம்மூரில் 2015 மே மாதம் சதுரகிரியில் என்ன நடந்தது என்பது தமிழ் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மலைமேல் பெய்த மழை ஓடைகளில் திடீர் வெள்ளமாக இறங்க, பக்தர்கள் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். அதன் பிறகு மலையேற்றத்துக்கான நாட்களையே அதிகாரிகள் கட்டுப்படுத்தினார்கள். பீமாசங்கரில் இந்த ஆபத்து கொங்கணப் பக்கத்தில்தான் அதிகம். கர்ஜத் அருகே காண்டஸ் கிராமத்திலிருந்து ஏறும் ஷீடி காட் பாதையில் இரும்பு ஏணிகளைப் பற்றிப் பாறை ஏற வேண்டும். மேகம் கறுத்தால் அந்தப் பக்கம் தலைவைக்கவே கூடாது. சுற்றிப் போகும் கணேஷ் காட் நீளமானது, ஆனால் கால் நிற்கும்.

கோயில் மலை உச்சியில் இல்லை என்பது புதிதாக வருபவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். மேலே ஏறி வந்த பிறகு, படிக்கட்டில் ஒரு பள்ளத்துக்குள் இறங்க வேண்டும். சுற்றிலும் அடர்ந்த காடு. மகாராஷ்டிராவின் மாநில விலங்கான ‘ஷேக்ரு’ என்ற பெரிய அணில் வாழும் சரணாலயம் அது. அங்கே ஒரு மணி இருக்கிறது. 1739இல் வசாய் கோட்டையைப் போர்த்துகீசியரிடமிருந்து வென்ற சிமாஜி அப்பா கொண்டுவந்து காணிக்கையாக்கியது. அதில் கன்னி மேரி உருவமும் 1729 என்ற ஆண்டும் பொறித்திருக்கின்றன. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வானம் நிர்மலமாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் எங்களுக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே வந்து, ஈரத்துணியைப் படிக்கட்டுக் கைப்பிடியில் காயப்போட்டுவிட்டு, அதே வரிசையில் எங்களுக்குச் சற்று முன்னால் நின்றுகொண்டிருந்தார்கள்.