பாணும் ரொட்டி மாவும்

ஹாலிஎலயில், லயத்துக் காம்பிராவில் வளர்ந்தவன் நான். அம்மா பிசைந்து வைக்கும் ரொட்டி மா உருண்டையை அழுத்தினால் பக்கவாட்டில் பிதுங்கும். சம்பள நாளில் கடையிலிருந்து வரும் பாணை அழுத்தினால் பிதுங்காது. அப்படியே உள்ளே அமுங்கும். இன்று என் பிழைப்பு இந்த வித்தியாசத்தில்தான் ஓடுகிறது. றப்பரும் ஃபோமும் எவ்வளவு நசுங்கும், எங்கே பிதுங்கும் என்று, அச்சு வெட்டுமுன் கணினியில் கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை.

றப்பர், ரொட்டி மா ஜாதி. அதன் நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் சுருண்டு கிடப்பவை. இழுத்தால் நிமிரும், விட்டால் சுருளும். ஆகவே வடிவம் மாறுவது சுலபம். ஆனால் சங்கிலிகள் திரவத்தைப்போல நெருங்கிக் கிடக்கின்றன. கன அளவைக் குறைப்பது, வடிவத்தை மாற்றுவதைவிட ஆயிரம் மடங்கு கடினம். 1940இல் மூனியும் பின்னர் ரிவ்லினும் எழுதிய றப்பர் சமன்பாடுகள் கன அளவு மாறாது என்று வைத்துக்கொண்டே தொடங்குகின்றன.

மெத்தை ஃபோம், பாண் ஜாதி. றப்பர் பாலை நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி, உறையவைத்து, நீராவியில் வேகவைப்பார்கள். மெத்தையில் வரிசையாகத் தெரியும் துளைகள், சூட்டை நடுவரை கொண்டுபோன அச்சூசிகளின் தடம். அழுத்தும்போது முதலில் நுரைக்கண்களின் மெல்லிய தண்டுகள் வளையும். பிறகு முழங்கால்போல மடங்கும். அப்போது பாரம் அதிகம் கூடாமலே மெத்தை இறங்கும். கடைசியில் சுவரோடு சுவர் முட்டி விறுவிறுவென இறுகும். காற்று வெளியேறிவிடுவதால் பக்கவாட்டில் வீக்கம் அநேகமாக இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைக் கோட்டைவிட்டேன். ஓர் இயந்திரத்துக்கு அடியில், நாலு பக்கமும் இரும்புச் சுவருள்ள குழியில் வைக்கும் ஃபோம் திண்டு. ஒரே ஒரு அமுக்கச் சோதனையின் வளைவை றப்பர் சமன்பாட்டில் பொருத்தினேன். கோடு புள்ளிகளோடு ஒட்டி நின்றது. குழிக்குள் வைத்ததும் திண்டு அசையவே அசையாது என்றது கணினி. பிதுங்க இடமில்லாத றப்பர் கல்தானே! அச்சுப் பகுதிப் பெரியவர் ஒரு துண்டு ஃபோமைத் தகரப் பேணிக்குள் திணித்து, கட்டைவிரலால் அமுக்கினார். இறங்கியது.

"தம்பி, உங்க கொம்பியூட்டர் இதத் தொட்டுப் பாத்திருக்கா?"

ஒரு திசையில் அமுக்கினால் அந்தத் திசையின் கதை மட்டுமே கிடைக்கும். மற்றத் திசைகளில் நடந்ததைத் தனியே அளக்க வேண்டும். 1962இல் பிளாட்ஸும் கோவும் பொலியூரித்தேன் ஃபோமை ஒரு திசையிலும் இரு திசைகளிலும் இழுத்துப் பார்த்தே தங்கள் சூத்திரத்தை எழுதினார்கள். 1972இல் ஒக்டன் தம் றப்பர் சூத்திரத்தைக் கன அளவு மாறும் பொருள்களுக்கும் விரித்தார். இப்போது நான் ஃபோமின் பக்கத்தில் பேனையால் கோடு போட்டு, அது எவ்வளவு விரிகிறது என்று அளக்கிறேன். குழிக்குள்ளும் வைத்து அமுக்குகிறேன். முதல் அமுக்கும் நாலாவது அமுக்கும் ஒரே வளைவைத் தருவதில்லை. எனவே சிலமுறை அமுக்கிப் பழக்கிய பிறகே எண்களைக் குறிக்கிறேன்.

எல்லாம் தெரிந்த நினைப்பில், கொழுந்துக் கூடைக் கயிறு அம்மாவின் தலையை அறுக்காதிருக்க, கணக்குப் பார்த்து ஒரு ஃபோம் துண்டு வெட்டிக்கொண்டு போனேன். அடுத்த முறை வீட்டுக்குப் போனபோது அது அடுப்புக்கு மேலே காய்ந்துகொண்டிருந்தது. அம்மா பழைய சேலைத் துண்டையே மடித்துத் தலையில் வைத்திருந்தார்.

"மழையில நனைஞ்சா, கொழுந்தவிட இதுதான்டா பாரம்."